எட்டு இழைகளும் ஒரே பூட்டும்: நகல்கோப்புத் தேடியை ரஸ்டில் திரும்ப எழுதிய அனுபவம்

ஒரே கோப்பு பல கோப்புறைகளில் பல பெயர்களில் கிடப்பதைக் கண்டுபிடித்துப் பட்டியலிடும் சிறு கருவி ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் சி++ மொழியில் எழுதி வைத்திருந்தேன். அது செய்யும் வேலை எளியது. கோப்புறைகளுக்குள் இறங்கிக் கோப்புகளை அளவுவாரியாகப் பிரிக்கும். ஒரே அளவில் இரண்டாவது கோப்பு ஒன்று தட்டுப்பட்டதும் இரண்டின் உள்ளடக்கத்தையும் படித்து ஷா-256 ஹாஷ் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்) கணக்கிடும். ஹாஷ் ஒத்துப்போனால் நகல் என்று அறிவிக்கும். ஹாஷ் கணக்கிடுவதுதான் நேரம் பிடிக்கும் பகுதி என்பதால் அதை ஒரே நேரத்தில் ஓடும் எட்டு இழைகளுக்குப் (திரெட்கள்) பிரித்துக் கொடுத்திருந்தேன். ஒரு முறை கணக்கிட்ட ஹாஷை மறுபடி கணக்கிடாமல் இருக்க, கோப்பின் பாதை, அளவு, திருத்திய நேரம் ஆகியவற்றோடு ஹாஷையும் சேர்த்து ஒரு கேஷ் அட்டவணையில் வைத்திருந்தேன். கருவி பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும்போது இந்த அட்டவணையைத் தனி இழை ஒன்று அவ்வப்போது புதுப்பிக்கும்.

பெரும்பாலான நாள்களில் அது ஒழுங்காக ஓடியது. எப்போதாவது ஒரு நாள், எந்த முன்னறிகுறியும் இல்லாமல், நினைவக அணுகல் பிழையைக் காட்டிவிட்டு நின்றுவிடும். அதே கோப்புகளைக் கொடுத்து மறுபடி ஓட்டினால் ஒன்றும் ஆகாது; பிழைநீக்கியை இணைத்து ஓட்டினால் பிழை எட்டிக்கூடப் பார்க்காது. கடைசியில், இழைகள் ஒரே நினைவகத்தில் மோதுவதைக் கண்டறியும் திரெட்சானிடைசரைச் சேர்த்துத் தொகுத்து ஓட்டியபோது அது சுட்டிக்காட்டிய இடம், நான் மிகவும் பத்திரமானது என்று நம்பியிருந்த ஒரு வரி. புதுப்பிக்கும் இழை புதிய கேஷ் அட்டவணையை உருவாக்கி அதை ஒரு ஷேர்ட் பாயிண்டரில் (ஒரு பொருளைப் பலர் பகிர்ந்து வைத்துக்கொள்ள, உடைமையாளர்களை எண்ணிவரும் சுட்டி) வைக்கிறது. ஹாஷ் இழைகள் அதே ஷேர்ட் பாயிண்டரை நகலெடுத்துப் படிக்கின்றன. ஷேர்ட் பாயிண்டர் இழைகளுக்குப் பாதுகாப்பானது என்று எங்கோ படித்ததை முழுமையாக எடுத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அதற்குள் இருக்கும் உடைமையாளர் எண்ணிக்கை மட்டுமே அட்டாமிக் முறையில், அதாவது இடையில் வேறோர் இழை புக முடியாதபடி, கூட்டிக் கழிக்கப்படுகிறது. அந்தப் பாயிண்டர் என்னும் மாறி, பொருளைக் காட்டும் சுட்டி ஒன்றும் எண்ணிக்கை இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டி ஒன்றுமாக, இரண்டு சாதாரணச் சுட்டிகளால் ஆனது. ஓர் இழை அந்த இரண்டையும் படித்துவிட்டு எண்ணிக்கையைக் கூட்டப்போகும் இடைவெளியில், மற்றோர் இழை அவற்றை மாற்றி எழுதிப் பழைய அட்டவணையை விடுவித்துவிட்டால், முதல் இழை கூட்டுவது ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட நினைவகத்தில் இருக்கும் எண்ணை.

இதைச் சரிசெய்வது பெரிய வேலையில்லை. ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டும் உள்ளே விடும் பூட்டு ஒன்று போதும்; சி++20 தரத்தில் ஷேர்ட் பாயிண்டரையே அட்டாமிக்காக வைத்துக்கொள்ளும் வசதியும் வந்துவிட்டது. பூட்டைப் போட்டேன், பிழையும் நின்றது. ஆனால் அந்த வரி இத்தனை காலம் ஓர் எச்சரிக்கைகூட இல்லாமல் தொகுக்கப்பட்டு வந்தது என்பதை என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. கருவி சிறியது என்பதால் முழுவதையும் ரஸ்டில் திரும்ப எழுதிப் பார்ப்பது என்று முடிவுசெய்தேன். இந்தப் பதிவு அந்த வேலையில் எந்தத் தரவு யாருக்கு உடைமை (அதை வைத்திருந்து கடைசியில் விடுவிக்கும் பொறுப்பு யாருடையது) என்பதை நான் எத்தனை முறை மாற்றினேன் என்பதைப் பற்றியது.

ஆர்சியும் ஆர்க்கும்

தொடக்கத்திலேயே, கம்பைலர் என்ன சொல்கிறது என்று பார்ப்பதற்காக வேண்டுமென்றே தவறாக எழுதினேன். அட்டவணையை ஆர்சி என்னும் எண்ணிக்கைச் சுட்டியில் வைத்து, அதன் நகலை ஒரு புதிய இழைக்குள் அனுப்பினேன். இந்த வகையை இழைகளுக்கிடையே பாதுகாப்பாக அனுப்ப இயலாது என்னும் இ0277 பிழையோடு தொகுப்பு நின்றது.

ஏன் இயலாது என்பதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தால் உடனே புரியும். எண்ணிக்கை இப்போது 2 என்று கொள்வோம். இரண்டு இழைகள் ஒரே கணத்தில் ஆளுக்கொரு நகல் எடுக்கின்றன. இரண்டும் 2 என்று படிக்கின்றன, இரண்டும் ஒன்றைக் கூட்டுகின்றன, இரண்டும் 3 என்று எழுதுகின்றன. உண்மையில் உடைமையாளர்கள் நான்கு பேர். கணக்கில் இருப்பதோ மூன்று. மூன்று பேர் விலகியதும் எண்ணிக்கை பூச்சியமாகி நினைவகம் விடுவிக்கப்படும். நான்காமவர் கையில் இருப்பது யாருக்கும் சொந்தமில்லாத முகவரி. ஆர்சி அட்டாமிக் அல்லாத சாதாரணக் கூட்டலைப் பயன்படுத்துவதால் ஓர் இழைக்குள் வேகமானது. அதற்கு விலையாக இழையைத் தாண்டிப் போகும் உரிமை அதற்கு இல்லை. ஆர்க் அதே வேலையை அட்டாமிக் கூட்டல் கழித்தலால் செய்கிறது.

சரி, ஆர்சியை ஆர்க் ஆக்கினேன். பிழை போகவில்லை, இடம் மட்டும் மாறியது. அட்டவணையை மாற்றவும் வேண்டும் என்பதால் அதை, பகிர்ந்த பொருளையும் மாற்ற விடும் ரெஃப்செல் என்னும் உறைக்குள் வைத்திருந்தேன். இப்போது கம்பைலர் அதைப் பிடித்துக்கொண்டது. இங்கேதான் செண்ட், சிங்க் என்னும் இரண்டு அடையாளப் பண்புகளையும் ஒழுங்காகப் படித்தேன். இரண்டிலும் செயற்கூறு எதுவும் இல்லை. அவை வெறும் முத்திரைகள். ஒரு பொருளின் உடைமையை இன்னோர் இழைக்குக் கைமாற்றலாம் என்றால் அந்த வகை செண்ட். அந்தப் பொருளைக் கைமாற்றாமல், அதற்கான இரவல் சுட்டியைப் பல இழைகள் ஒரே நேரத்தில் வைத்திருக்கலாம் என்றால் அது சிங்க். ஒரு கட்டமைப்பின் உறுப்புகள் எல்லாவற்றிலும் முத்திரை இருந்தால் கம்பைலர் அந்தக் கட்டமைப்புக்கும் தானாகவே முத்திரை குத்திவிடும். ஓர் உறுப்பில் இல்லாவிட்டாலும் மொத்தத்துக்கும் கிடையாது. ரெஃப்செல்லைக் கைமாற்றலாம், பலர் ஒரே நேரத்தில் தொட விட முடியாது. ஆர்க்கின் வேலையே பலர் ஒரே நேரத்தில் தொட விடுவதுதான். ஆகவே உள்ளே இருக்கும் பொருள் செண்ட், சிங்க் இரண்டுமாக இருந்தால் மட்டுமே ஆர்க்கும் இழை தாண்டும்.

ரெஃப்செல்லின் இடத்தில் மியூட்டெக்ஸ் என்னும் பூட்டை வைத்ததும் நிரல் தொகுக்கப்பட்டது. சி++ நிரலில் பூட்டு ஓரிடத்தில் இருக்கும், அது காக்கும் பொருள் வேறோரிடத்தில் இருக்கும். இரண்டுக்கும் உள்ள தொடர்பு நான் எழுதி வைத்த குறிப்பில் மட்டுமே இருக்கும். ரஸ்டின் மியூட்டெக்ஸில் பொருள் பூட்டுக்குள்ளேயே இருக்கிறது. பூட்டைப் பிடித்து ஒரு காவல்சுட்டியைப் பெறாமல் பொருளைத் தொட வழியில்லை. காவல்சுட்டி மறையும்போது பூட்டு தானாகவே விடுபடும். இந்த ஒரு வடிவமைப்பு முடிவுக்காகவே இந்த மொழிமாற்றம் தகும் என்று அப்போது தோன்றியது, இன்றும் அப்படியே தோன்றுகிறது.

எட்டு இழைகள், ஒரு கோரின் வேலை

கிடைத்த உற்சாகத்தில் எல்லாவற்றையும் ஆர்க்குக்குள் மியூட்டெக்ஸ் என்னும் உறையில் போட்டேன்: வேலை வரிசை, முடிவுகளின் அட்டவணை, கேஷ், முன்னேற்றக் கணக்கு, ஒருபோதும் மாறாத அமைப்புகள்கூட. தொகுக்கப்பட்டது, சரியான விடையையும் தந்தது. ஆனால் செயலிக் கண்காணிப்பில் பார்த்தால் எட்டு இழைகளும் முறைவைத்து ஒரே கோரின் (செயலியின் ஒரு கணிப்பு அலகு) வேலையைப் பகிர்ந்துகொண்டிருந்தன. ஒற்றை இழையில் ஓட்டியபோது ஆன நேரமே இப்போதும் ஆனது.

காரணம் ஒரே வரியில் இருந்தது. வரிசையைப் பூட்டி, அதிலிருந்து ஒரு வேலையை எடுத்து, வேலை இருக்கும்வரை சுற்று ஓடட்டும் என்று எழுதியிருந்தேன்; தமிழ் எழுத்தில் சொன்னால், ‘வைல் லெட் சம்(வேலை) = வரிசை.லாக்().அன்ராப்().பாப்()’ என்று தொடங்கும் சுற்று அது. பார்வைக்கு, பூட்டு இந்த வரியோடு திறந்துவிடும் என்றே தோன்றும். ஆனால் ‘வைல் லெட்’ தலைப்பில் உருவாகும் தற்காலிகப் பொருள்கள் சுற்றின் உடல் முழுவதும் உயிரோடு இருக்கும் என்பது மொழியின் விதி. லாக் தந்த காவல்சுட்டிக்கு நான் பெயர் எதுவும் வைக்கவில்லை. பெயரில்லாமலேயே அது ஹாஷ் கணக்கிட்டு முடியும்வரை பூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. மற்ற ஏழு இழைகளும் வாசலில் நின்றன. சுற்றின் தலைப்பில் இருந்ததை உள்ளே இறக்கி, வேலையை எடுப்பதை அரைப்புள்ளியோடு முடியும் தனி ‘லெட்’ வரியாக எழுதியதும் தற்காலிகப் பொருள் அந்த அரைப்புள்ளியிலேயே மறைந்தது, எட்டு கோர்களும் விழித்துக்கொண்டன.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு தவறையும் அந்த வாரமே செய்தேன். கேஷைப் படிப்பவர்கள் அதிகம், எழுதுபவர்கள் குறைவு என்பதால் அதை ஆர்டபிள்யூலாக் என்னும் படிப்பு-எழுத்துப் பூட்டுக்கு மாற்றியிருந்தேன். கேஷில் ஹாஷ் இருந்தால் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் கணக்கிட்டு எழுது என்பதை ஒரே ‘இஃப் லெட் – எல்ஸ்’ அமைப்பாக எழுதினேன். தலைப்பில் படிப்புப் பூட்டு, ‘எல்ஸ்’ பகுதியில் எழுத்துப் பூட்டு. கேஷில் இல்லாத முதல் கோப்பு வந்ததும் நிரல் அப்படியே உறைந்தது. படிப்புக் காவல்சுட்டி ‘எல்ஸ்’ பகுதியிலும் உயிரோடு இருந்ததால் அந்த இழை தன்னைத்தானே எதிர்பார்த்துக் காத்திருந்தது. 2025 பிப்ரவரியில் ரஸ்ட் 1.85 பதிப்போடு வந்த 2024 எடிஷனில் (மொழி விதிகளின் தொகுதி) இந்த விதி மாற்றப்பட்டு, ‘எல்ஸ்’ பகுதிக்குள் நுழையும் முன்பே அந்தத் தற்காலிகப் பொருள் விடுவிக்கப்படுகிறது. என் திட்டமோ 2021 எடிஷனில் இருந்தது. எடிஷனை மாற்றினால் இந்த முடக்கம் போகும். ஆனால் மேலே சொன்ன ‘வைல் லெட்’ சுற்றில் பூட்டு உடல் முழுவதும் நீடிப்பது புதிய எடிஷனிலும் அப்படியேதான் இருக்கிறது. தரவு மோதலைக் கம்பைலர் தடுக்கும்; பூட்டுக்காகக் காத்து முடங்குவதைத் தடுக்காது. இந்த வேறுபாட்டை ஏட்டளவில் அறிந்திருந்தும் உறைந்துபோன திரையின் முன் உட்கார்ந்திருந்தபோது அது நினைவுக்கு வர வெகுநேரம் ஆயிற்று.

அனுப்பியபின் கையில் எதுவும் இல்லை

வேலை வரிசையைப் பூட்டி எடுப்பதற்குப் பதிலாக, இழைகளுக்கிடையே மதிப்புகளை அனுப்பும் குழாயான சேனலுக்கு மாறினேன். கோப்புறைகளில் இறங்கும் இழை ஒரு பாதையைச் சேனலில் போட்டால் அந்தப் பாதையின் உடைமையே கைமாறிவிடுகிறது. அனுப்பிய பிறகு அந்தப் பாதையை முன்னேற்றச் செய்தியில் அச்சிட முயன்றேன்; கைமாற்றிய மதிப்பைப் பயன்படுத்துகிறாய் என்று இ0382 பிழை வந்தது. அச்சிடும் வரியை அனுப்பும் வரிக்கு மேலே நகர்த்தினால் தீர்ந்தது. நகல் எடுத்திருந்தாலும் தீர்ந்திருக்கும், ஆனால் தேவையே இல்லாமல் ஒவ்வொரு பாதைக்கும் ஒரு நினைவக ஒதுக்கீடு ஆகியிருக்கும்.

முதலில் வரம்பில்லாத சேனலைப் பயன்படுத்தியதில், கோப்புறைகளில் இறங்குவது ஹாஷ் கணக்கிடுவதைவிடப் பல மடங்கு வேகமானது என்பதால், பாதைகள் நினைவகத்தில் மலைபோல் குவிந்தன. ஆயிரத்துச் சொச்சம் இடங்கள் மட்டுமே உள்ள சிங்க்சேனலுக்கு மாறியதும் இறங்கும் இழை தானாகவே நின்று நின்று போகத் தொடங்கியது.

பெறும் முனையில் ஒரு சிக்கல் உண்டு. தர நூலகத்தின் எம்பிஎஸ்சி சேனலில் அனுப்புபவர் பலர் இருக்கலாம், பெறுபவர் ஒருவர்தான். எட்டு இழைகளும் ஒரே முனையிலிருந்து பெற வேண்டுமானால் அந்த முனையை ஒரு மியூட்டெக்ஸில் வைக்க வேண்டும். கிராஸ்பீம் நூலகத்தின் சேனலில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனாலும் இவ்வளவு சிறிய கருவிக்கு வெளி நூலகம் ஒன்றைச் சேர்க்க எனக்கு மனமில்லை. ஆகவே பெறும் முனையைப் பூட்டி, ஒரு பாதையைப் பெற்று, உடனே பூட்டை விட்டுவிட்டு, பிறகு ஹாஷ் கணக்கிடுவது என்று வைத்துக்கொண்டேன். ஒருவர் பூட்டோடு காத்திருக்க மற்றவர்கள் பூட்டுக்காகக் காத்திருப்பார்கள். வேலை எதுவும் வராத நேரத்தில் எல்லாரும் எங்கே காத்திருந்தால் என்ன?

பிறகு கருவி வேலையை முடித்தும் வெளியேறாமல் நின்றது. எல்லாக் கோப்புகளுக்கும் ஹாஷ் கணக்கிட்டாயிற்று, எட்டு இழைகளும் அடுத்த பாதைக்காகக் காத்துக்கொண்டிருந்தன. அனுப்பும் முனைகள் அனைத்தும் மறைந்தால்தான் பெறும் முனைக்கு இனி எதுவும் வராது என்று தெரியும். இறங்கும் இழைக்கு அனுப்பும் முனையின் நகலைக் கொடுத்துவிட்டு, மூலத்தை முதன்மை இழை சும்மா கையில் வைத்துக்கொண்டு, ஹாஷ் இழைகள் முடியட்டும் என்று காத்திருந்தது. அவையோ முதன்மை இழை முனையை விடட்டும் என்று காத்திருந்தன. நகல் எடுக்காமல் மூலத்தையே இறங்கும் இழைக்குக் கைமாற்றியதும், அந்த இழை முடியும்போது முனையும் மறைந்தது, மற்றவையும் ஒழுங்காக முடிந்தன.

நஞ்சேறிய பூட்டு

முடிவுகளின் அட்டவணை இன்னும் மியூட்டெக்ஸில் இருந்தது. படிக்க அனுமதியில்லாத ஒரு கோப்பின் மேல் கருவியை ஓட்டியபோது ஓர் இழை, பூட்டைப் பிடித்திருந்த நிலையிலேயே, அன்ராப் செய்த (பிழை இருந்தால் இழையை நிறுத்து என்று எழுதிய) இடத்தில் பேனிக் ஆனது, அதாவது அங்கேயே விழுந்தது. ரஸ்டின் தர நூலக மியூட்டெக்ஸ் இப்படி ஆனால் தன்னை நஞ்சேறியதாகக் குறித்துக்கொள்ளும். அடுத்துப் பூட்ட வருபவருக்குப் பொருளுக்குப் பதில் பிழை கிடைக்கும். அந்தப் பிழையையும் நான் அன்ராப் செய்திருந்ததால், ஒரு கோப்பைத் திறக்க முடியாத குற்றத்துக்கு எட்டு இழைகளும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன.

நஞ்சைப் பொருட்படுத்தாமல் உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. அப்படிச் செய்ய எனக்கு உடன்பாடில்லை. பாதி எழுதிய நிலையில் அட்டவணை இருக்கலாம் என்று பூட்டு சொல்லும்போது அதைக் கேட்பதுதான் முறை. கோப்பைத் திறக்கும் பிழையைப் பூட்டுக்கு வெளியே வைத்துச் சமாளித்தேன். அதைச் செய்துகொண்டிருக்கும்போதுதான் வேறொரு கேள்வி எழுந்தது: இந்த அட்டவணையை எட்டு பேரும் எதற்காகப் பகிர்ந்துகொள்ள வேண்டும்? ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் அதைப் படிப்பதில்லை. ஒவ்வோர் இழையும் தனக்கென ஓர் அட்டவணையை வைத்துக்கொண்டு, முடிந்ததும் அதைத் தன் விடையாகத் திருப்பித் தரட்டும் என்று மாற்றினேன். இழை முடியும்வரை காத்திருந்து அதன் விடையைப் பெறும் ஜாயினைச் செய்யும்போது அட்டவணையின் உடைமை முதன்மை இழைக்கு வந்து சேர்கிறது. எட்டையும் அங்கே ஒன்றாக்கினால் போதும். பூட்டே இல்லை என்பதால் நஞ்சேற இடமும் இல்லை. ஓர் இழை பேனிக் ஆனால் அதுவும் ஜாயின் தரும் விடையில் பிழையாக வந்துவிடுகிறது.

அடுத்து அமைப்புகள். தவிர்க்க வேண்டிய கோப்புறைகள், குறைந்தபட்ச அளவு போன்றவை. தொடக்கத்தில் படித்தபின் மாறுவதில்லை. அதைச் சுற்றி மியூட்டெக்ஸ் இருந்ததற்கு என் சோம்பலைத் தவிரக் காரணம் இல்லை. மியூட்டெக்ஸை எடுத்தேன். ஆர்க்கை எடுத்தபோது, குளோஷர் (இழைக்குக் கொடுத்த பெயரில்லாச் செயற்கூறு) இந்தச் செயற்கூற்றைவிட நீண்டு வாழக்கூடும் என்று இ0373 பிழை வந்தது. சாதாரண ஸ்பான் உருவாக்கும் இழை எப்போது முடியும் என்று கம்பைலருக்குத் தெரியாது. ஆகவே அது தொடும் எல்லாமே நிரலின் ஆயுள் முழுவதும் இருக்கத்தக்கதாக இருந்தாக வேண்டும்.

ஆர்க்கும் மியூட்டெக்ஸும் இரண்டு தனித்தனிக் கேள்விகளுக்கான விடைகள் என்பது அப்போதுதான் உறைத்தது. பொருள் எவ்வளவு காலம் உயிரோடு இருக்க வேண்டும், கடைசியாக விடுவது யார் என்று தெரியாதபோது ஆர்க் வேண்டும். ஒரே நேரத்தில் பலர் தொட வரும்போது அவர்களில் ஒருவர் மாற்றவும் செய்வார் என்றால் மியூட்டெக்ஸ் வேண்டும். நான் இரண்டையும் ஒட்டி ஒரே சொல்லாக எழுதிப் பழகியிருந்தேன். என் ஹாஷ் இழைகள் முதன்மைச் செயற்கூறு முடிவதற்குள் முடிந்தே ஆக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கம்பைலருக்கு அதைச் சொல்வதற்குத்தான் ஸ்கோப் இருக்கிறது.

ஸ்கோப்புக்கு ஒரு பழைய கதை உண்டு. 2015 மே 15 அன்று ரஸ்ட் 1.0 வெளியாவதற்குச் சில வாரங்களுக்கு முன்வரை இதற்கு வேறொரு வடிவம் தர நூலகத்தின் நிலையான வசதிகளில் இருந்தது. அது தந்த காவல்பொருள் மறையும்போது அதன் அழிப்பான் ஓடி, இழை முடியும்வரை காத்திருக்கும். ஆனால் அழிப்பான் ஓடியே தீரும் என்று ரஸ்ட் உறுதி தருவதில்லை. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் ஆர்சி வளையத்துக்குள் அந்தக் காவல்பொருளைப் போட்டுவிட்டால் அது மறைவதே இல்லை; இழையோ முடிந்துபோன செயற்கூற்றின் மாறிகளைத் தொட்டுக்கொண்டே இருக்கும். பாதுகாப்புக்கு நானே பொறுப்பு என்று நிரலர் அறிவிக்கும் அன்சேஃப் என்னும் சொல்லை எங்கும் எழுதாமல் இது நடந்துவிடும் என்பதால் அந்த வடிவத்தை 1.0-க்கு முன்பே நிலையான வசதிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2022 ஆகஸ்டில் வந்த 1.63 பதிப்பில்தான் இன்றைய ஸ்கோப் தர நூலகத்துக்கு வந்தது. இதில் காத்திருப்பது அழிப்பானின் பொறுப்பு இல்லை. ஸ்கோப் என்னும் செயற்கூறே தனக்குள் தொடங்கிய எல்லா இழைகளும் முடிந்தபின்தான் திரும்பும். பயனர் மறக்கவோ வளையத்துக்குள் ஒளிக்கவோ எதுவும் இல்லை.

ஸ்கோப்புக்கு மாற்றியதும் அமைப்புகளுக்கு வெறும் இரவல் சுட்டி போதுமானதாயிற்று. பெறும் முனையின் மியூட்டெக்ஸுக்கு ஆர்க் தேவைப்படவில்லை. முன்னேற்றக் கணக்கு அட்டாமிக் எண்ணாக முதன்மைச் செயற்கூற்றின் ஸ்டாக்கிலேயே உட்கார்ந்துகொண்டது. அதன் வழியாக வேறு தரவு எதுவும் கைமாறாததால், மற்ற நினைவகச் செயல்களின் வரிசையைக் கட்டுப்படுத்தாத ரிலாக்ஸ்ட் ஒழுங்கே போதும். ஒவ்வோர் இழைக்கும் முன்னால் நான்கைந்து குளோன் (நகலெடுக்கும்) வரிகள் அடுக்கி நின்றது போய்விட்டது.

ஆர்க் மிஞ்சிய இடம்

கடைசியில் ஒரே இடத்தில் ஆர்க் தங்கியது. முன்பு சி++ நிரல் விழுந்த அதே கேஷ் அட்டவணையில். கருவி பின்னணியில் ஓடும்போது, இந்தக் கோப்புக்கு நகல் உண்டா என்று பிற நிரல்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் இழை ஒன்று இருக்கிறது. நீளமான விடையை அனுப்பிக்கொண்டிருக்கும்போது அது அட்டவணையின் ஒரு பதிப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்குள் புதுப்பிக்கும் இழை அடுத்த பதிப்பைக் கொண்டுவந்துவிடும். பழைய பதிப்பை யார் கடைசியாக விடுவார்கள் என்பது ஓடும்போதுதான் தெரியும். ஆர்க் இருப்பது இதற்காகத்தான்.

ஆர்டபிள்யூலாக்குக்குள் ஆர்க், ஆர்க்குக்குள் மாறாத அட்டவணை என்று அடுக்கினேன். படிக்க வருபவர் படிப்புப் பூட்டைப் பிடித்து ஆர்க்கை நகலெடுத்துக்கொண்டு, அதே வரியில் பூட்டை விட்டுவிடுவார். பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தன் பதிப்பைப் படிக்கலாம். புதுப்பிப்பவர் புதிய அட்டவணையைப் பூட்டுக்கு வெளியே கட்டி முடித்து, ஒரு கணம் மட்டும் எழுத்துப் பூட்டை எடுத்து, ஆர்க்கை மாற்றி வைப்பார். ஷேர்ட் பாயிண்டரில் செய்ய நினைத்ததும் இதுதான். அந்த ஒரு கணத்துப் பூட்டைத்தான் அங்கே விட்டிருந்தேன்.

முதலில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு நகல் எடுத்தேன். நகலெடுப்பது என்றால் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுவதுதானே என்று எண்ணினேன். ஆனால் எட்டு கோர்களும் ஒரே எண்ணைக் கூட்ட வரும்போது, அந்த எண் இருக்கும் கேஷ் வரி (செயலி நினைவகத்தைக் கையாளும் சிறு துண்டு; எக்ஸ்86 செயலிகளில் 64 பைட்) கோரிலிருந்து கோருக்குப் பந்தாடப்படுகிறது. சிறு கோப்புகள் நிறைந்த கோப்புறைகளில் இது வெளிப்படையாகவே தெரிந்தது. ஒரு சுற்றுக்கு இழைக்கு ஒரு நகல் என்று குறைத்தேன்.

அந்தச் சாக்கில் ஆர்க்கின் மூலநிரலையும் திறந்து பார்த்தேன். கூட்டும்போது ரிலாக்ஸ்ட் ஒழுங்கு; கழிக்கும்போது ரிலீஸ், கடைசி ஆள் என்று தெரிந்தால் அதன்பின் அக்வயர். முதலில் இது முரணாகத் தெரிந்தது. கூட்டுபவர் கையில் ஏற்கெனவே ஓர் ஆர்க் இருக்கிறது, ஆகவே எண்ணிக்கை பூச்சியமாகும் ஆபத்து அப்போது இல்லை. எண் சரியாக இருந்தால் போதும், வேறு எதையும் ஒழுங்குபடுத்த வேண்டியதில்லை. கடைசியாக விடுபவரோ பொருளை அழிக்கப் போகிறார். மற்றவர்கள் விடுவதற்கு முன் அதில் செய்தவை எல்லாம் நடந்து முடிந்துவிட்டன என்பது அவருக்கு உறுதியாக வேண்டும். அவர்களின் ரிலீஸும் இவரின் அக்வயரும் அந்த உறுதியைத் தருகின்றன.

கேள்விகளுக்குப் பதில் சொல்லும் இழை சில நேரம் காரணமில்லாமல் தாமதித்தது. பழைய பதிப்பின் கடைசி உடைமையாளராக அது இருக்க நேர்ந்தால், லட்சக்கணக்கான பாதைகள் கொண்ட அட்டவணையை விடுவிக்கும் சுமையும் அதன் தலையில் விழுந்தது. புதுப்பிக்கும் இழை பழைய ஆர்க்கை உடனே விடாமல் ஒரு சிறு பட்டியலில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் உடைமையாளர் எண்ணிக்கை 1 ஆகிவிட்டதா என்று பார்த்து, ஆனவற்றை மட்டும் விடும்படி மாற்றினேன். பூட்டுக்குள் இருந்து அந்தப் பதிப்பு ஏற்கெனவே அகற்றப்பட்டுவிட்டதால், எண்ணிக்கை ஒருமுறை 1 ஆனபின் மறுபடி ஏற வழியில்லை. அழிக்கும் வேலை எப்போதும் புதுப்பிக்கும் இழையிலேயே நடக்கும்.

சில நாள் கழித்து ஹாஷ் கணக்கீட்டை ஒரு சி நூலகத்துக்கு மாற்றிப் பார்த்தேன். கணக்கீட்டின் நடப்பு நிலையை வைத்திருக்கும் அதன் சூழல்பொருள் வெறும் சுட்டி ஒன்றாகக் கிடைக்கும். வெறும் சுட்டிகளுக்குச் செண்ட் முத்திரை கிடையாது. முதன்மை இழையில் எட்டுச் சூழல்பொருள்களை உருவாக்கி இழைகளுக்குக் கொடுத்ததும், நான் திருத்திய கோப்பில் இல்லாமல், தொலைவில் இழை தொடங்கும் வரியில் பிழை வந்தது. ‘அன்சேஃப் இம்ப்ல் செண்ட்’ என்று ஒரு வரி எழுதினால் கம்பைலர் வாயை மூடிக்கொள்ளும். எழுதியும் விட்டேன். அந்த நூலகத்தின் ஆவணத்தில், சூழல்பொருளை உருவாக்கிய இழையைத் தவிர வேறு இழையில் பயன்படுத்தலாமா என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வரியை அழித்துவிட்டு, ஒவ்வோர் இழையும் தன் சூழல்பொருளைத் தனக்குள்ளேயே உருவாக்கி அங்கேயே அழித்துக்கொள்ளும்படி செய்தேன். கூடவே, செண்ட், சிங்க் இரண்டும் உள்ள வகையை மட்டுமே ஏற்கும், உள்ளே ஒன்றுமே செய்யாத வெற்றுச் செயற்கூறு ஒன்றைச் சோதனைப் பகுதியில் எழுதி, கேஷ் அட்டவணையின் வகையை அதற்குக் கொடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த முறை யாராவது அந்த அட்டவணைக்குள் வெறும் சுட்டி ஒன்றைச் செருகினால், பிழை அந்தச் சோதனையின் வரியிலேயே, அட்டவணையின் பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்கும்.